கார்டைத் திருப்பிப் பாருங்கள்

பேஸ்பால் கார்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "என்ன விலைக்குப் போகும்?" அதிலிருப்பவர் எப்படி ஆடினார்னு ஒருத்தரும் கேட்பதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

2022இல் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. மேன்டில் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அதே கார்டு மூலை மழுங்கி மடிந்திருந்தால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படியென்றால் அந்தப் பணம் யாருக்கு? மேன்டிலின் அடிக்கா, அட்டையின் மூலைக்கா?

என்னிடம் இருப்பது டெட் வில்லியம்ஸின் 1957 டாப்ஸ் கார்டு. நடுவில் மடிப்பு. பின்பக்கம் வருடத்துக்கு ஒரு வரி. 1941க்கு நேராக .406. பத்துக்கு நான்குக்கும் மேல் ஹிட். சீசனின் கடைசி நாள் காலையில் அவர் சராசரி .3995, முழுமையாக்கினால்.400. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் அன்றைய ரெண்டு ஆட்டமும் ஆடினார். எட்டில் ஆறு ஹிட்!

அதற்குப் பிறகு யாருமே .400 தொடவில்லை என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1943இல் ஜாஷ் கிப்சன் .466 அடித்திருந்தார். கறுப்பர் என்பதால் நீக்ரோ லீக்கில் மட்டுமே ஆட விட்டார்கள். ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். மேஜர் லீக் அவருடைய எண்களைத் தன் கணக்கில் சேர்த்தது 2024இல்தான். இன்று வாழ்நாள் சராசரியில் டை காப்பின் .367ஐத் தாண்டி .372உடன் முதலிடத்தில் இருப்பவர் அவர்.

1933இல் கௌடி சுவிங்கம் கம்பெனி 240 கார்டு போட்டது. பேப் ரூத்துக்கு மட்டும் நான்கு. கிப்சனுக்கு ஒன்றுகூட இல்லை.

"முதலீடு இல்லைன்னா பழைய கார்டெல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்" என்பார்கள். விலை ஏறுவதற்கு முன்னால் அவற்றைக் காப்பாற்றியது யார்? ஷூ பெட்டியில் போட்டு வைத்த பையன்கள்தானே! சந்தை காப்பாற்றுவது அச்சடித்ததை மட்டும். யாருக்கு அச்சடிக்கவில்லை என்று அது கேட்காது. சேகரிப்பவன் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அவனும் வட்டிக்கடைக்காரனும் ஒன்றுதான்.

ஆகவே, கார்டு வாங்குங்கள். மழுங்கியதாகவே வாங்குங்கள், பரவாயில்லை. வாங்கியதும் முதலில் திருப்பிப் படியுங்கள். அப்புறம், அந்தக் கட்டில் யாரெல்லாம் இல்லை என்று தேடுங்கள்.