கட்டிலில் படுக்காத பிரிகேடியர்

தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒரு கபர்ஸ்தான் இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்லறை 2020 டிசம்பரில் சேதமடைந்து கிடந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. ராணுவம் வருத்தம் தெரிவித்து அதைச் செப்பனிட்டது. அந்தச் சாக்கில் பிரிகேடியர் முகமது உஸ்மானின் பெயர் சில நாட்கள் அடிபட்டது.

1948 ஜூலையில் அவர் யாரென்று தில்லியில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமர் நேரு வந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் கவர்னர் ஜெனரலாகியிருந்த ராஜாஜியும் வந்தார்.

உஸ்மான் பிறந்தது 1912இல், ஆஸம்கர் பக்கத்தில். அப்பா போலீஸ் அதிகாரி. சிறுவயதில் திக்குவாய். ஆனாலும் சாண்ட்ஹர்ஸ்ட்டில் இடம் பிடித்து, பலூச் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். பிரிவினையின்போது அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. பெரிய பதவி காத்திருக்கிறது என்று அங்கிருந்து அழைப்பு வந்ததாகச் சொல்வார்கள். அவர் போகவில்லை, டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 'பாகிஸ்தானுக்குப் போகாத முஸ்லிம்' என்று பாராட்டிவிட்டால் கடமை முடிந்தது. பிறந்த நாட்டிலேயே இருந்ததற்கு ஒருவருக்கு நற்சான்றிதழ் எதற்கு? அவருடைய உண்மையான கணக்கு அதன் பிறகு வந்த சில மாதங்களில் இருக்கிறது.

மீர்ப்பூர், கோட்லி சாலைகள் சந்திக்கும் ஜங்கர், 1947 டிசம்பரில் எதிரிகளிடம் விழுந்தது. அடுத்த குறி நௌஷெரா. அங்கிருந்த 50ஆவது பாராசூட் பிரிகேடுக்கு உஸ்மான் தலைமையேற்றார். 1948 பிப்ரவரி 6 அன்று ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தவர்களை அந்தப் படை விரட்டியடித்தது. தைன்தார் மேட்டில் தனியாக நின்று போரிட்டு மடிந்த நாயக் ஜதுநாத் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது அன்றைய சண்டைக்காகத்தான். ஊரில் அனாதைகளாகி நின்ற சிறுவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் ஏற்பாடு செய்தவரும் உஸ்மான்தான். அந்தச் சிறுவர்கள் சண்டையின் நடுவே தகவல் கொண்டு ஓடினார்கள்.

ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் செய்து, அந்தக் குளிரில் தரையில் பாய் விரித்துப் படுத்தார். மார்ச் 18 அன்று ஜங்கர் மீண்டது. அன்றிரவு அவர் படுக்க பிரிகேட் தலைமையகத்தில் கட்டிலே இல்லை. பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கினார்கள்.

ஜூலை 3 அன்று அதே ஜங்கரில் பீரங்கிக் குண்டு வெடித்து உஸ்மான் இறந்தார். 36 வயது நிறைய இன்னும் 12 நாட்கள். அந்தப் போரில் உயிரிழந்த இந்திய அதிகாரிகளில் அவர்தான் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர். மகாவீர் சக்ரா மறைவுக்குப் பின் வந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போனது.

தில்லிக்கு வரும் நம்மவர்கள் ராஜ்காட்டுக்குப் போகிறார்கள், குதுப்மினாருக்குப் போகிறார்கள். ஒரு காலைப் பொழுது ஜாமியா பக்கமும் போய் வரலாம். ராஜாஜி போய் நின்ற இடம்தானே.