சொந்தங்களிடம் சொல்லிவிடுங்கள்



திடீரென்று நெஞ்சு படபடக்கும். தலை வலிக்கும், வாந்தி வரும், முகம் வெளிறிப்போகும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்தத் தொல்லையோடு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர மருத்துவமனையில் சேர்ந்த மின்னா ரோலுக்கு வயது 18. அவளைக் காப்பாற்ற முடியவில்லை. பிரேதப் பரிசோதனையில், சிறுநீரகங்களின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டிலும் கட்டிகள் தெரிந்தன. ஃபெலிக்ஸ் ஃபிராங்கல் என்ற மருத்துவர் 1886-இல் அதை விவரமாக எழுதிவைத்தார்.

2007-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. மின்னாவின் வம்சாவளியைத் தேடிப் போனவர்கள், இன்றைய உறவினர் சிலரின் ரத்தத்தில் ‘ரெட்’ மரபணுவின் 634-ஆவது இடத்தில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அட்ரீனல் கட்டியோடு தைராய்டிலும் புற்றுநோயை உண்டாக்கும் பிழை அது. 121 ஆண்டு கழித்து அந்தப் பெண்ணின் சாவுக்குக் காரணம் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் குடும்பத்தில் இன்று இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைத்தது.

தைராய்டு புற்றுநோயில் ‘மெடுல்லரி’ என்றொரு வகை உண்டு. அரிதானதுதான். ஆனால் அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த ரெட் பிழையால் பரம்பரையாக வருவது. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு ரெட் பிழை இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. அதனால்தான், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் தெரியாவிட்டாலும், இந்த வகைப் புற்றுநோய் வந்த எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

1993-இல் இந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வைத்தியமே மாறிவிட்டது. பிழை எந்த இடத்தில் என்பதை வைத்தே, புற்றுநோய் வருமுன் தைராய்டை எடுக்க நாள் குறிக்கிறார்கள். 918-ஆவது இடம் என்றால் முதல் பிறந்த நாளுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள். 634 என்றால் ஐந்து வயதுக்குள். வேறு சில இடங்கள் என்றால், ரத்தத்தில் இந்தப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் கால்சிடோனின் அளவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். சுரப்பியை எடுத்த பிள்ளை ஆயுளுக்கும் தினம் ஒரு தைராய்டு மாத்திரை போட வேண்டும். மற்றபடி ஓடியாடி வளரும். பெரியவர்களுக்கு அறுவைக்கு முன் அட்ரீனல் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடும்பத்தில் இருக்கும் பிழை இன்னதென்று தெரிந்தபின், மற்றவர்களுக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைதான். பிழை இல்லை என்று வந்தால் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இந்த நோய்க்கான தொடர் கண்காணிப்பே தேவையில்லை. அந்த நிம்மதிக்கு விலை உண்டா?

ஆனால், வரன் பார்க்கிற நேரத்தில் இதையெல்லாம் ஏன் வெளியில் சொல்ல வேண்டும் என்று மறைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம். கூடப் பிறந்தவர்களிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் மறைப்பது மட்டும் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோயோ அட்ரீனல் கட்டியோ வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிழை இருப்பதாக முடிவு வந்தால் அந்தத் தாளை நகலெடுத்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் கொடுங்கள். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தமாக இருந்தாலும் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்