கூட்டா, கலப்பா, சிக்கலா?

வேப்பமரத்தடிக்குச் சென்று ஓர் இலையைப் பறித்து வாருங்கள் என்றால், பெரும்பாலோர் ஈர்க்கிலிருந்து சிறிய இலை ஒன்றைக் கிள்ளி வருவீர்கள். அது இலையன்று; இலையின் ஒரு பகுதி. ஈர்க்கும் அதன் இருபுறமும் உள்ள சிற்றிலைகள் அனைத்தும் சேர்ந்ததுதான் ஒரே இலை. ஐயமிருந்தால் உற்றுப் பாருங்கள். ஈர்க்கு கிளையோடு சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இராது. ஆங்கிலத்தில் இதனைக் 'காம்பவுண்டு' இலை என்பர். நாம் கூட்டிலை என்கிறோம்.

சூரியகாந்தியின் கதை இதற்கு நேர்மாறானது. ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ்போல நீண்டிருப்பவையும் தனித்தனிப் பூக்களே! இக்குடும்பத்துக்குத் தாவரவியலார் 'கம்பாசிட்டே' என்று பெயர் வைத்ததும் இதனால்தான். (இப்பொழுது ஆஸ்டரேசி என்ற பெயரே பெருவழக்கு.)

காம்பவுண்டு, காம்போசிட், காம்ப்ளெக்ஸ் ஆகிய மூன்று சொற்களுக்கும் அகராதியில் ஏறத்தாழ ஒரே பொருள்தான் இருக்கும்: பல பகுதிகளால் ஆனது. நம் மாணவர்கள் அதை நெட்டுருப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். இது போதாது என்பது என் கருத்து. பகுதிகள் பல என்பது பாதிச் செய்திதான். அவை எவை, எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதே மீதிச் செய்தி.

உப்பை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் பட்டால் சீறும் சோடியமும், நச்சு வாயுவான குளோரினும் தத்தம் குணங்களை இழந்து ஒன்றானதால் அது சேர்மம். கூட்டு வட்டியிலோ அசலோடு வட்டி சேர்கிறது. 100 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் இரண்டாண்டில் தனிவட்டியுடன் 120 ரூபாய், கூட்டுவட்டியுடன் 121 ரூபாய். அந்த ஒரு ரூபாய், வட்டி போட்ட குட்டி. 12 என்னும் எண்ணை ஆங்கிலேயர் 'காம்போசிட்' என்கிறார்கள்; 2, 2, 3 ஆகியவற்றைப் பெருக்கி உண்டானது என்று பொருள். நாம் பகு எண் என்கிறோம். அவர்கள் சேர்ப்பதைப் பார்த்தார்கள். நாம் பிரிப்பதைப் பார்த்தோம். நம் சொல்லே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

பொருளை நோக்காமல் சொல்லை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். 'காம்பவுண்டு' எலும்பு முறிவு என்றால் எலும்பு பல துண்டானது என்று நினைக்கிறோம். அப்படியன்று; தோல் கிழிந்து, முறிந்த இடம் வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டது என்பதே பொருள். எலும்பு இரண்டாக மட்டும் முறிந்திருக்கலாம். மருத்துவர்களே இப்போது 'திறந்த முறிவு' என்று சொல்வதைத்தான் பெரிதும் விரும்புகிறார்கள்.

மிகுதியாகத் தொல்லை தருவது 'காம்ப்ளெக்ஸ்'. பேச்சு வழக்கில் அதற்குக் கடினமானது, சிக்கலானது என்று பொருள். அதனால் 'காம்ப்ளெக்ஸ் நம்பர்' என்றதுமே பாதி வகுப்புக்கு வியர்த்துவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் அது சிக்கலெண், தமிழ்நாட்டில் கலப்பெண். என் வாக்கு கலப்பெண்ணுக்கே. மெய்ப்பகுதி ஒன்று, கற்பனைப்பகுதி ஒன்று, ஆக இரண்டும் கலந்த எண். 3+4i என்பதை வரைபடத்தாளில் குறிக்க, வலப்புறம் 3 கட்டம், மேலே 4 கட்டம் செல்லுங்கள். சிக்கல் எங்கே இருக்கிறது?

'காம்ப்ளெக்ஸ்' என்ற அடைமொழியை இவ்வெண்களுக்கு நிலைபெறச் செய்தவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ். 1831-இல் அவரே, 'கற்பனை' என்ற பொருந்தாப் பெயரால்தான் இவ்வெண்களை மர்மம் சூழ்ந்தது என்று குறைப்பட்டார்; 'பக்கவாட்டு' எண் என்று அழைத்திருந்தால் குழப்பமே வந்திராது என்றார். மேதைக்கே பெயர் உறுத்தியிருக்கும்போது, பதினேழு வயது மாணவனுக்கு உறுத்தாதா?

ஒன்று சொல்ல மறந்தேன். உங்கள் பள்ளியின் காம்பவுண்டுச் சுவரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அந்தக் 'காம்பவுண்டு' மலாய் மொழியின் 'கம்போங்' என்ற சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு.