கோல்ப் திடலும் கம்பனி விளையாட்டு நாளும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் கட்டுரை எழுதுகிறார் என்றால், கம்பன் கவிநயமோ வள்ளுவர் வாய்மொழியோ பொருளாக அமையும் என்றே அன்பர்கள் எதிர்பார்ப்பர். நாமோ இம்முறை கோல்ப் விளையாட்டைப்பற்றி எழுதப் புகுந்துள்ளோம். ஆட்டக்கோலைத் தொட்டும் அறியாதவருக்கு இதில் என்ன உரிமை என்று கேட்பாரும் உளர். நம் கல்லூரியில் பயின்றோர் பலர் இன்று கம்பனிகளிலும் வங்கிகளிலும் பொறுப்பான பதவி வகிக்கின்றனர். அவர்தம் நற்பெயரில் எமக்கும் சிறு பங்குண்டு. அவ்வுரிமையே போதும்.

கண்டியிலிருந்து தென்னக்கும்புர, குண்டசாலை வழியாகத் திகனைக்குச் செல்வோர், அப்பால் ரஜவெல்லையில் விக்டோரியா கோல்ப் திடலைக் காணலாம். 1985ஆம் ஆண்டில் மகாவலி கங்கையை மறித்து எழுந்த விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் அருகே பரந்து கிடக்கிறது. டொனால்ட் ஸ்டீல் என்னும் ஆங்கிலேயர் வகுத்தமைத்த இப்பதினெட்டுக் குழித் திடல் 1999இல் திறக்கப்பட்டது. மலையும் நீரும் பசும்புல்லும் ஒருங்கே கண்ணுக்கு விருந்தாகும் இடம் அது. கம்பனிகள் தம் உத்தியோகத்தரையும் வாடிக்கையாளரையும் அழைத்து ஒருநாட்பொழுதைக் கழிக்க இத்தகைய இடத்தை நாடுவதில் வியப்பில்லை.

ஆயினும், இவ்விளையாட்டு நம் நாட்டிற்கு வந்த வழியை மறத்தல் ஆகாது. கொழும்பில் 1879இலும், நுவரெலியாவில் 1889இலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. அக்காலத்தில் அவை வெள்ளைத் துரைமாரின் கழகங்கள். நம்மவர் அங்கே புல் வெட்டினர், பை சுமந்தனர், காணாமற் போன பந்தைப் பற்றைக்குள் தேடினர். ஆடினாரல்லர்.

அண்மையில், எமது பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். தோட்ட லயத்திற் பிறந்து, கல்வியால் உயர்ந்து, கம்பனி ஒன்றில் உத்தியோகம் பார்ப்பவர். “ஐயா, எங்கள் கம்பனியின் கோல்ப் நாளுக்கு அழைப்பிதழைத் தமிழிலும் எழுதித் தரவேண்டும்” என்றார். மகிழ்ந்து எழுதிக்கொடுத்தோம். காலம் போதவில்லை என்ற காரணத்தால் அது அச்சேறவில்லை. ஆங்கில அழைப்பு மாத்திரம் மேன்மாடியில் வலம் வந்தது. களஞ்சியத்தில் வேலை செய்வோரும் சாரதிமாரும் அது தமக்கன்று என்று தாமே விளங்கிக்கொண்டனர். விழா முடிந்தபின் அவ்வன்பர் மீண்டும் வந்தார். “எங்களை ஏற்றிச் சென்ற சாரதி என் தகப்பனார் வயதினர். நாங்கள் ஆடி முடித்து விருந்துண்ணும்வரை வாகனத்திலேயே இருந்தார். அவருக்கு ஒரு சோற்றுப் பொதிகூட எவரும் கொடுக்கவில்லை. பரிசு வாங்கியபோது என் கை கூசியது, ஐயா. என் பாட்டனார் துரைமார் கழகமொன்றில் புல் வெட்டியவர்” என்றார். அச்சொற்களே இக்கட்டுரைக்கு வித்து.

இத்தகைய களியாட்டம் வீண் செலவு, நிறுத்திவிடுக என்பார் சிலர். நாம் அவரோடு உடன்படோம். ஆண்டு முழுதும் மேசைக்கு இருபுறமும் நின்று பழகியோர் ஒருநாள் புல்வெளியில் ஒருங்கே நடப்பது நன்றே. கம்பனிப் பணம், கம்பனி விருப்பம், ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்பார் வேறு சிலர். அவரோடும் உடன்படோம். கம்பனி நாள் என்று பெயர் சூட்டியபின், அது கம்பனியார் அனைவருக்கும் உரிய நாளே.

உண்மையில், கோல்ப் ஆட்டத்தின் நெறியே எம் பக்கம் நிற்கிறது. அதில் ‘ஹாண்டிகாப்’ என்றொரு முறை உண்டு. தேர்ந்தவன் ஐந்து அடிச் சலுகையும் பயில்பவன் இருபது அடிச் சலுகையும் உடையராயின், பயில்பவனுக்குப் பதினைந்து அடி விட்டுக்கொடுத்தே கணக்குப் பார்ப்பர். வலியோனும் மெலியோனும் நாணாது எதிர்நின்று ஆட வகுத்த நீதி அது. பெரும்பாலும் நடுவர் உடன்வருவதில்லை. தன் பிழையை ஆடுவோனே சொல்லித் தன் கணக்கில் ஏற்றவேண்டும். இத்துணை நீதி பொருந்திய ஆட்டத்தை ஆடச் செல்வோர், அழைப்பிதழிலேயே நீதியை மறக்கலாமோ?

ஆகவே, பொறுப்பிலுள்ள பழைய மாணவர்க்குச் சில கூறுவோம். முதலாவது, நாள். கண்டிப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை பொல்லாதது. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. திறந்த வெளியில் இரும்புக்கோல் ஏந்தி நிற்றல் அப்போது ஆபத்து. தைப்பொங்கலுக்குப் பிந்திய வாரங்களே ஏற்றவை. பெரகரா நாட்களில் நகர வீதிகள் நெருக்குண்ணும்; அவற்றையும் தவிர்க்க.

இரண்டாவது, ஆட்டமுறை. நால்வர் ஓரணியாகி, நால்வரும் அடித்து, நல்லிடத்தில் விழுந்த பந்தைத் தெரிந்து, அங்கிருந்தே மீண்டும் நால்வரும் அடிக்கும் முறை ஒன்றுண்டு. அதில் தேர்ந்தவர் ஒருவரோடு புதியவர் மூவரைச் சேர்க்கலாம். பதினெட்டு அணிகள் பதினெட்டுக் குழிகளிலிருந்து ஒரே வேளையில் தொடங்கின் எழுபத்திருவர் ஆடலாம். காலை ஏழு மணிக்குத் தொடங்கின் நண்பகலளவில் முடிக்கலாம். ஆடாதாருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், குறுங்கோலால் பந்தைக் குழிக்குள் உருட்டும் போட்டி வைக்கலாம். அதனைப் பத்து நிமிடத்திற் பழகிவிடலாம்.

மூன்றாவது, அறிவித்தல். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு மாதம் முன்னரே எழுதுக. தொழிலாளர் வரவு பதியும் இடத்திலும் ஒட்டுக. என்ன உடுப்பது, எப்படிச் செல்வது, கோல் எங்கே கிடைக்கும், உணவு உண்டா என்பனவற்றைத் தெளிவாகக் கூறுக. கேட்க வெட்கப்படுவோர் வராமலே நின்றுவிடுவர். பகுதித் தலைவர் ஒவ்வொருவரும் தம் கீழுள்ளோரை நேரிற் சென்று அழைப்பாராக. சாரதிமாரையும் பை சுமப்போரையும் சேர்த்தே பந்தியின் தொகையைக் கணக்கிடுக.

நாலாவது, செலவு. மதுவுக்கும் ஆடம்பரப் பரிசுக்கும் ஒதுக்கும் தொகையிற் பாதியை, தோட்டப்புறத்து மாணவர் ஒருவரின் புத்தகத்திற்கும் பஸ் கட்டணத்திற்கும் ஒதுக்கினால், ஒருநாள் ஆட்டம் ஓராண்டுப் பயன் தரும்.

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் எமக்கு ஒரு பாடம் கற்பித்தனர். பாடம் நன்றாக நடந்ததா என்பதை முன்வரிசையில் கையுயர்த்துவோனைக் கொண்டு தீர்மானியாதே. கடைசி வாங்கில் இருப்பவன் முகத்தைப் பார் என்பதே அது. விழா எடுப்போர்க்கும் அஃதே அளவுகோல். வெற்றிக் கிண்ணம் வழங்கும் வேளையில், வாகனங்கள் நிற்குமிடத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே ஒருவர் பசித்திருப்பாராயின், நாள் இன்னும் நிறைவேறவில்லை.

அவ்வன்பர் அடுத்த ஆண்டின் ஏற்பாட்டுக் குழுவில் தாமாகவே பெயர் கொடுத்துள்ளார் என அறிகிறோம். அழைப்பிதழின் தமிழ்ப்படி எம்மிடம் பத்திரமாக இருக்கிறது. நாளை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுக்கலாம்.