பார்க்கும் பிள்ளையா? படைக்கும் பிள்ளையா?

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பையைக் கீழே போட்டதும் கேட்கும் முதல் கேள்வி என்ன? "அம்மா, செல்போன் எங்கே?" என்பதுதான்.

கடலூர் துறைமுகத்திலும் இதே கதை. சிதம்பரம் தேரோடும் வீதியிலும் இதே கதை. பண்ணுருட்டிப் பலாத் தோப்பிலும் இதே கதை.

"செல்போனைக் கொடுக்காதே" என்று சொல்வது சுலபம். ஆனால், மீன் விற்றுவிட்டோ முந்திரிக் கொட்டை உடைத்துவிட்டோ வீடு திரும்பும் தாய் என்ன செய்வாள்? உலை வைக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை சும்மா இருந்தால் போதும் என்று போனைக் கொடுத்துவிடுகிறாள். அவளைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆகையால் கேள்வியை மாற்றிக் கேட்போம். அந்தச் செல்போன் வழியாகவே பிள்ளைக்கு நல்ல பொழுதுபோக்கைக் கொடுக்க முடியுமா? வாய் பிளந்து பார்த்துக்கொண்டிராமல், பிள்ளை தானே வரைய, பாட, நடிக்க, கதை கட்ட வழி உண்டா?

உண்டு. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

19 மாதம் கற்றுத் தந்த பாடம்

2020 மார்ச்சில், கொரோனா காரணமாகத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. ஏறக்குறைய 19 மாதம்!

அப்போதுதான் "ஆன்லைன்" என்ற சொல் பட்டிதொட்டி எங்கும் பரவியது. பாடம் மட்டும் அல்ல. பாட்டு, நடனம், ஓவியம், கதை எல்லாமே செல்போனில் நேரடியாக நடந்தன.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்ததா? இல்லை. "பிரதம்" என்ற தொண்டு நிறுவனத்தின் "ஏசர்" கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொன்னது. நம் நாட்டுக் கிராமங்களில், வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளைகள் 2018-ல் 100-க்கு சுமார் 36 பேர். 2021-ல் 67 பேர். பெரிய வளர்ச்சிதான். ஆனால் போன் உள்ள வீட்டிலும், 4 பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் கைக்கு அது எட்டவில்லை.

காரணம் என்ன? வீட்டுக்கு ஒரு போன். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அண்ணனுக்கு வகுப்பு இருந்தால் தங்கைக்குக் கிடையாது.

லட்சம் பேர் ஆடிய ஆட்டம்

அதே சமயம், உலகில் சிலர் நல்ல வழியைக் காட்டினார்கள்.

இங்கிலாந்தில் ஜோ விக்ஸ் என்று ஓர் உடற்பயிற்சியாளர். 2020 மார்ச் 23-ந் தேதி முதல், காலை 9 மணிக்கு, யூடியூபில் பிள்ளைகளுக்கு நேரடியாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மறுநாளே 9 லட்சத்து 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அது கின்னஸ் சாதனை ஆயிற்று. அரை மணி நேரம்தான். அந்த அரை மணியும் பிள்ளைகள் உட்காரவில்லை, குதித்தார்கள்!

அமெரிக்காவில் மோ வில்லெம்ஸ் என்று ஒரு குழந்தை எழுத்தாளர். படமும் வரைவார். பள்ளிகள் மூடியதும், பகல் உணவு நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து படம் வரையும் நிகழ்ச்சியைத் தொடங்கினார். "பென்சிலை எடு, என்னோடு நீயும் கிறுக்கு" என்பதுதான் அதன் சாரம்.

இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கவனித்தீர்களா? பிள்ளையின் கண் திரையில் இருந்தது. கையும் காலும் வேலை செய்தன.

நமக்குப் புதிது அல்ல

இது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. சென்னை வானொலியில் "வானொலி அண்ணா" நடத்திய சிறுவர் நிகழ்ச்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குரல் மட்டுமே கேட்கும். உருவத்தைப் பிள்ளைதான் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னே, தெருக்கூத்து இருந்தது. கட்டியக்காரன் என்ன செய்வான்? சபையைப் பார்த்துக் கேள்வி கேட்பான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடியனைக் கேலி செய்வான். பொடியனும் பதில் கொடுப்பான். மறுநாள் தெருவில் பார்த்தால், பிள்ளைகள் துண்டைக் கட்டிக்கொண்டு அதே கூத்தை ஆடுவார்கள்.

"நேரடி" என்றால் இதுதான். ஆடுகிறவனுக்குப் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். பிள்ளையின் பதில் அவன் காதில் விழ வேண்டும். ஆயிரம் பேர் பார்க்க, ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே போனால், அது நேரடியாக நடந்தாலும் சினிமாதான்.

நல்லதை எப்படி அறிவது?

பெற்றோர்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: நிகழ்ச்சி நடக்கும்போது பிள்ளையின் கை என்ன செய்கிறது? வரைகிறதா, வெட்டுகிறதா, தாளம் போடுகிறதா? அல்லது விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதா?

இரண்டு: நடத்துகிறவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியுமா? 10, 15 பிள்ளைகள் உள்ள சிறு கூட்டத்தில் "முருகா, உன் யானையைக் காட்டு" என்று கூப்பிட முடியும். அந்த ஒரு வார்த்தைக்காகவே பிள்ளை மறுநாள் புது யானை செய்துகொண்டு வரும்.

மூன்று: நிகழ்ச்சி எப்போது முடியும்? இது முக்கியம். நல்ல கதை சொல்லி, நேரம் வந்ததும் முடித்துவிடுவார். ஆனால் செல்போனில் ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. முடிவே இல்லாத பந்தியில் உட்கார்ந்தால் வயிறு என்ன ஆகும்?

நேரத்துக்கு அளவும் உண்டு. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அறவே கூடாது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை நாளுக்கு 2 ஆன்லைன் வகுப்புகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் போதும் என்று மத்திய அரசு 2020 ஜூலையில் கூறியது. படிப்புக்கே இந்த அளவு என்றால், விளையாட்டுக்கு அளவு வேண்டாமா?

கடலூர் கண்ட வழி

தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27-ந் தேதி "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை மரக்காணம் அருகே தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், தெருவிலேயே உள்ள ஒரு தன்னார்வலர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, ஆடல், பாடல், கதையோடு சொல்லிக் கொடுத்தார். திட்டத்தை ஊருக்குச் சொல்லவும் கலைக்குழுக்கள்தான் வந்தன.

2022-ல் அரசுப் பள்ளிகளில் "கலைத் திருவிழா" தொடங்கியது. ஓவியம், பாட்டு, நாடகம் என்று பிள்ளைகள் மேடை ஏறினார்கள்.

இவற்றையும் செல்போனையும் சேர்த்தால் என்ன? வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வாரம் ஒரு நாள், செல்போன் முன் உட்கார்ந்து களிமண் பிசையட்டும். பிச்சாவரத்துப் பிள்ளைகள் 15 பேர், ஒரு திண்ணையில், ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து, தாங்களும் பிசையட்டும். பக்கத்தில் ஓர் அக்கா இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு போன் வேண்டாம். தெருவுக்கு ஒன்று போதும். உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்கும் பிள்ளையும் அதே நேரத்தில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். செல்போனின் உண்மையான பெருமை அங்கேதான் இருக்கிறது.

எச்சரிக்கை தேவை

இனிப்பு இருக்கும் இடத்தில் எறும்பும் வரும். முன்பின் தெரியாத ஆள் பிள்ளையோடு தனியாகப் பேச ஒருபோதும் இடம் தரக்கூடாது. பிள்ளையின் பள்ளி, வீட்டு முகவரி, படம் ஆகியவற்றைக் கேட்டால் கொடுக்கக்கூடாது. "முதல் வகுப்பு இலவசம்" என்று சொல்லி, வங்கி விவரம் கேட்பவரிடம் உஷாராக இருக்க வேண்டும்.

சட்டங்களும் விழித்துக்கொண்டன. 18 வயது நிரம்பாதவர் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது நம் நாட்டின் 2023-ம் ஆண்டுச் சட்டம். ஆஸ்திரேலியா 2024-ல் சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டது.

ஆனால் சட்டம் வாசலில் காவல் நிற்கும். பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடாது. அது நம் வேலை.

இன்று இரவு நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன செய்தாய்? எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். காட்டுவதற்கு ஒரு கோணல் யானையாவது இருந்தால், அந்த நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி. ஒன்றும் இல்லையென்றால், நாளைக்கு வேறு நிகழ்ச்சி தேடுங்கள்.