பாலிசித்தாளை வாசிக்கிறோமா?

குற்றாலச் சாரலுக்கு ஊரெல்லாம் திரண்டு வரும் வேளையிலும், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் பெட்டி கட்டுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாமல் அங்கு வேலைக்குச் செல்வோருக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டுக்கு 275 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தால் 10 லட்சம். நோயுற்றால் மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரைதான். சாவுக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கே பிழைப்பதற்கு!

ஆகவே, வேலை தருபவர் எடுக்கும் மருத்துவக் காப்பீடே மெய்யான துணை. துபாயில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது முதலாளியின் கடமை. அதன் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது. இதை விமானம் ஏறுமுன் கேட்டுத் தெளிய வேண்டாமா? விசாத்தாளை நூறு முறை புரட்டும் நாம், பாலிசித்தாளை ஒருமுறையேனும் வாசிப்போம்.