நீலக் குளமும் நகராட்சிக் குழாயும்

ஐஸ்லாந்து போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒன்று தப்பாமல் இருக்கும்: கரிய எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, ஆவி பறக்கும் பால்நீலத் தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்த படம். இடம் ‘ப்ளூ லகூன்’. இயற்கையின் கொடை என்று அதை வர்ணிப்பார்கள். உண்மையில் அது ஸ்வார்ட்ஸெங்கி புவிவெப்ப நிலையம் வெளியே விட்ட தண்ணீர். 1976இல் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, கழிவுநீரிலிருந்த சிலிக்கா படிந்து பாறை இடுக்குகளை அடைக்க, தண்ணீர் குளமாகத் தேங்கியது. இதைச் சொல்வது குளத்தைக் குறைசொல்ல அல்ல. வெப்பம் பூமி தந்தது; அதை வசதியாக்கியது மனித வேலை. தலைநகர் ரெய்க்யாவிக்கின் கதையும் இதுதான்.

‘புகை விரிகுடா’ என்பது அந்தப் பெயரின் பொருள். புகை என்றது வெந்நீர் ஊற்றுகளின் ஆவியை. லௌகர்தலூர் ஊற்றுக்குப் பெண்கள் அழுக்குத்துணி சுமந்து நடந்த வழிதான் இன்றைய கடைத்தெருவான லௌகவேகுர். ஊற்று இருந்தும் ஊர் வெகுகாலம் இறக்குமதி நிலக்கரியில்தான் குளிர்காய்ந்தது. 1930இல் அந்த ஊற்றிலிருந்து ஒரு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெந்நீர்க் குழாய் போனது. 1973இன் எண்ணெய் விலையேற்றம் அந்த வேலையை நாடெங்கும் முடுக்கிவிட்டது. இன்று நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளைப் புவிவெப்பம்தான் கதகதப்பாக்குகிறது.

இதெல்லாம் நிலத்தின் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளாக அதே நிலம், அதே ஊற்று. மாறியது மனிதர் எடுத்த முடிவு மட்டுமே. நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு இது எளிது என்றால், செலவைப் பங்குபோடவும் அங்கே ஆள் குறைவுதான். அப்படியும் நெஸ்யவெட்லிர் நிலையத்திலிருந்து 27 கிலோமீட்டர் குழாய் போட்டுத் தலைநகருக்கு வெந்நீர் கொண்டுவந்தார்கள். குறையே இல்லையா? உண்டு. நிலையங்கள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டைபோல் நாறும். 2024 பிப்ரவரியில் எரிமலைக் குழம்பு ஒரு குழாயை அறுத்ததும், ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உறைகுளிரில் வெந்நீரின்றித் தவித்தார்கள். பூமி கொடுத்துவிட்டது என்று சும்மா இருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே ரெய்க்யாவிக்கில் ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால், அந்த மனித வேலையின் பலனைப் பார்க்க நகராட்சி நடத்தும் நீச்சல்குளம் ஒன்றுக்குப் போகலாம். உடை களைந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகே உள்ளே விடுவார்கள். வெந்நீர்த் தொட்டியில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் பால்நீலமாக இருக்காது. அந்த ஊரின் வீடுகளுக்குப் போகும் அதே வெந்நீர் அது.